சத்தம் இல்லாத வாத்து

ஜூன் 9

என் அருமைத் தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான், உன் அத்தான், உன் மகள் மூன்று பேரும் குத்துக்கல்லாட்டம் நன்றாக இருக்கிறோம். உன் உடம்பு எப்படி? அணைக்கட்டு முகாமில் ஒரே சிமென்ட் தூசி என்று எழுதியிருந்தாயே, மூக்கில் துணி கட்டிக்கொள்கிறாயா இல்லையா? கட்டாவிட்டால் அங்கேயே வந்து உதைப்பேன்.

உன் மிளகு முதல் வாரம் அழுதாள். இப்போது அழுகை இல்லை. என் வகுப்பிலேயே உட்கார வைத்திருக்கிறேன். அதிகம் பேசுவதில்லை, சரியான அமுக்குணி. நாலு வயதில் இவ்வளவு அடக்கம் நம் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. பேசினாலும் பாதிச் சொல்லை விழுங்கிவிடுகிறாள். பல் விழுந்து முளைத்தால் சரியாகிவிடும்.

எங்கள் பள்ளிக்கு டேப்லெட் வந்துவிட்டது, ஆளுக்கு ஒன்று. "டீச்சர், இனிமே நம்ம மழலைங்களுக்கும் சயின்ஸ்!" என்று தாளாளர் அம்மா தலைகால் புரியாமல் ஆடுகிறார். அதில் ஒரு ஆப். ஒரு வாத்து வந்து நின்று, "இதில் எது மிதக்கும்?", "எது விதையிலிருந்து வந்தது?" என்று கேட்கும். பிள்ளை படத்தைத் தொட வேண்டும். சரியாகத் தொட்டால் நட்சத்திரம். தொடாமல் சும்மா இருந்தால், கொஞ்ச நேரத்தில் சரியான படம் தானாகவே ஆடிக் காட்டும்.

முதல் நாள் இருபது வாத்தும் ஒரே நேரத்தில் கத்தின. அம்மாடி! சந்தைக்கடை தோற்றது போ. எனக்குத் தலை விண்ணென்று தெறித்தது. மறுநாள் காலையில் போனதும் முதல் வேலையாக எல்லா டேப்லெட்டிலும் சத்தத்தை அடைத்துவிட்டேன். வாத்து கேட்க வேண்டியதை நானே முன்னால் நின்று, கையைக் காலை ஆட்டிக் கேட்கிறேன். பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மாதா மாதம் ஆப் ஒரு அறிக்கை தரும். முதல் அறிக்கையைப் பிரின்ட் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், பார். வகுப்பிலேயே உன் மகள்தான் முதல். "பொறுமையுடன் கவனித்து விடையளிக்கிறார்" என்று போட்டிருக்கிறது. கண் பட்டுவிடப் போகிறது, முகாமில் யாரிடமும் காட்டாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு. மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

உன் அக்கா


ஜூன் 24

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் சப்ளை லாரியில் நேற்று வந்தது. நான் சுகம். மூக்கில் துணி கட்டுகிறேன், நீ வந்து உதைக்க வேண்டியதில்லை. அத்தானுக்குப் பல்வலி என்று போனில் சொன்னாயே, தேவலையா?

அறிக்கையை யாரிடமும் காட்டாதே என்றாய். சோதனைக்கூடத்தில் ஒருவர் விடாமல் காட்டிவிட்டேன். "பொறுமையா? என் வயித்துல பொறந்ததுக்கா?" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தேன். இப்போது அது என் கட்டிலுக்கு மேல் ஒட்டியிருக்கிறது.

இங்கே எனக்கு நாள் முழுக்க ஒரே வேலை. அணைக்கு ஊற்றுகிற கான்கிரீட்டில் கொஞ்சம் எடுத்துக் கட்டையாக வார்த்து, தண்ணீரில் ஊற வைத்து, பிறகு மெஷினில் நசுக்கி, எவ்வளவு தாங்குகிறது என்று பார்த்து எழுத வேண்டும். சாயங்காலம் கை விரல் எல்லாம் மரத்துப் போகும். அறைக்கு வந்தால் அவள் நினைப்புதான்.

அக்கா, அவள் என்னைத் தேடுகிறாளா? உண்மையைச் சொல். இங்கே செல்லுக்கு சிக்னலே கிடையாது. போன வாரம் மேனேஜர் அறையில் அரை மணி நேரம் வரிசையில் நின்று போன் போட்டேன். நீ அவளிடம் கொடுத்தாய். மூச்சு விடுவது மட்டும் கேட்டது. "மிளகு, அம்மாடா, அம்மா பேசறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பதிலே இல்லை. அப்புறம் நீ வாங்கி, "வெட்கப்படறாடி" என்றாய். பெற்ற அம்மாவிடம் என்ன வெட்கம்? இன்னும் கோபமாக இருக்கிறாளா? அவளுடைய அப்பா வேறு வீடு பார்த்துக்கொண்டு போனபோது கூட இப்படி வாயை மூடிக்கொண்டதில்லையே.

அவளை என் பங்குக்கு ஒரு முறை இறுக்கிக் கட்டிக்கொள். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தங்கச்சி


ஜூலை 15

அன்புள்ள தங்கச்சி,

எல்லோரும் சௌக்கியம். உன் அத்தானுடைய பல்லைப் பிடுங்கியாயிற்று. இரண்டு நாள் வீட்டில் நிம்மதியாக இருந்தது. நீ எப்படி இருக்கிறாய்? தூக்கம் வருகிறதா?

போனைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ளாதே. இந்த வயதுப் பிள்ளைகள் எல்லாமே போனைக் கொடுத்தால் மூச்சுதான் விடும். தேடுகிறாளா என்றால், தேடாமல் இருப்பாளா? கேட்டுச் சொல்லத்தான் அவளுக்குத் தெரியவில்லை.

இப்போது நல்ல சேதி. கல்வி அலுவலகத்திலிருந்து மூன்று பேர் ஆப் வகுப்பைப் பார்க்க வந்தார்கள். தாளாளர் அம்மா மிளகைத்தான் முன்னால் உட்கார வைத்தார். மற்ற வாண்டுகள் ஆடாத படத்தை எல்லாம் குத்தித் தள்ள, இவள் மகாராணி மாதிரிப் பொறுமையாக இருந்து ஒவ்வொன்றாகத் தொட்டாள். ஒரு தப்பு இல்லை. வந்தவர் போட்டோ எடுத்துக்கொண்டார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அவர்கள்தான், "ஏன் சத்தமே காணோம்?" என்று கேட்டார்கள். அதனால் உடனே எல்லோருக்கும் ஹெட்போன் வாங்கிவிட்டார்கள். ஹெட்போன் போட்ட அன்று "ஒலி" பாடம். கொசு சத்தமா, மேள சத்தமா, எது பெரியது என்று வாத்து கேட்கும். ஐயோ, அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல! "டீச்சர், எனக்கு வரல", "டீச்சர், என் வாத்து பேசல" என்று ஆளாளுக்குக் கூச்சல். எல்லாம் ஒயர் சரியாகச் சொருகாதவை, வெளிச் சத்தத்தைத்தான் நான் அடைத்து வைத்திருக்கிறேனே. உன் மகள் மட்டும் ஒரு வார்த்தை இல்லாமல் பாடத்தை முடித்து முழு நட்சத்திரமும் வாங்கிவிட்டாள். கழற்றப் போனால், அவளுடைய ஹெட்போன் ஒயர் கீழே தொங்கிக்கொண்டிருக்கிறது! சொருகவே இல்லை! காதில் சும்மா மாட்டிக்கொண்டு அத்தனை கேள்விக்கும் பதில் போட்டிருக்கிறாள், கள்ளி. நானும் ஆயாவும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

வீட்டுக்கு வந்து உன் அத்தானிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்குச் சிரிப்பு என்றால் கிலோ என்ன விலை.

பத்திரமாக இரு. அடுத்த லாரியிலேயே பதில் போடு.

அக்கா


ஜூலை 24

அக்கா,

நான் நலம். நீங்கள் எல்லோரும் நலமா என்று இந்த முறை சம்பிரதாயத்துக்காகக் கேட்கவில்லை.

அந்த ஹெட்போன் கதையை நாலு முறை படித்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மற்ற பிள்ளைகள் எல்லாம் "வாத்து பேசல" என்று கத்தியிருக்கிறார்கள். இவளுக்கு ஏன் அது தெரியவில்லை? வாத்து பேசாமல் இருப்பது அவளுக்கு ஏன் வித்தியாசமாகப் படவில்லை?

ஆடுகிற படத்தைத் தொட்டால் போதும் என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் கேள்வியே காதில் விழாத பிள்ளையும் முழு நட்சத்திரம் வாங்கலாம் இல்லையா?

நான் ஏதாவது உளறினால் திட்டு, பரவாயில்லை. ஆனால் அவளுக்குப் பின்னால் நின்று ஒரு முறை கூப்பிட்டுப் பார். திரும்புகிறாளா என்று மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

தங்கச்சி


ஆகஸ்ட் 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் நலம், உன் மகள் உள்பட. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கடிதம் கிடைத்த மறுநாளே வகுப்பில் அவளுக்குப் பின்னால் போய் நின்று ஓங்கிக் கை தட்டினேன். டக்கென்று திரும்பினாள். போதுமா? பிள்ளை அமைதியாக இருந்தால் அதற்கும் ஒரு வியாதி கண்டுபிடிக்க வேண்டுமா? கான்கிரீட் கட்டையை நசுக்கி நசுக்கிப் பார்த்து, உனக்கு எங்கே பார்த்தாலும் விரிசலாகத்தான் தெரிகிறது.

கோபித்துக்கொள்ளாதே. தனியாக இருக்கிறாய், கண்டதையும் நினைக்கத் தோன்றும். நான் இத்தனை பிள்ளைகளைப் பார்த்தவள். எனக்குத் தெரியாதா? நான் பேசும்போது வைத்த கண் வாங்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். சில சமயம் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்புவாள். அவ்வளவு பாசம்.

இங்கே நல்ல மழை. மாடியில் துணி காயவில்லை. உன் அத்தானுக்கு ஃப்ரிட்ஜ் ரிப்பேர் வேலை குவிகிறது, ஆள் வீடு தங்குவதில்லை. உனக்கு அனுப்பின ஸ்வெட்டர் அளவு சரியாக இருந்ததா?

இந்த மாத அறிக்கையைப் பிரின்ட் எடுக்க மை இல்லை. அப்புறம் அனுப்புகிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 14

அன்பு அக்காவுக்கு,

நலம். ஸ்வெட்டர் சரியாக இருக்கிறது.

நீ கை தட்டியபோது மற்ற பிள்ளைகள் என்ன செய்தார்கள்? எல்லோரும் திரும்பியிருப்பார்கள். அவளும் அவர்களைப் பார்த்துத் திரும்பியிருப்பாள். தாடையைப் பிடித்துத் திருப்புகிறாள் என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்துவிட்டுச் சாப்பிட முடியாமல் எழுந்து போய்விட்டேன். உன் வாய் தெரிந்தால்தான் அவளுக்கு நீ சொல்வது புரிகிறது, அக்கா. அது பாசம் மட்டும் இல்லை.

நீ வீட்டில் தனியாகப் பார். வேறு யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. அவள் உனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ஏதாவது வரைந்துகொண்டிருக்கட்டும். உன் நிழல் அவள் மேல் விழ வேண்டாம். தரையில் காலைத் தட்டாதே. கை தட்டாதே. அவளுக்குப் பிடித்த ஒன்றைச் சொல். பலூன் என்று சொல். முதலில் மெதுவாக, அப்புறம் கொஞ்சம் சத்தமாக. பலூன் என்றால் தூக்கத்திலிருந்து கூட எழுந்து வருகிறவள் அவள்.

சண்டைக்கு எழுதவில்லை. நீ அவளை என்னைவிட நன்றாகப் பார்த்துக்கொள்வாய் என்று நம்பித்தான் விட்டுவிட்டு வந்தேன். இப்போதும் நம்புகிறேன். பார்த்துவிட்டு எழுது. என்னவாக இருந்தாலும் எழுது.

தங்கச்சி


செப்டம்பர் 4

அக்கா,

இரண்டு லாரி வந்துவிட்டது. உன் கடிதம் இல்லை. டிரைவரிடம், "பைக்கு அடியில மாட்டியிருக்கும், இன்னொரு தடவை பாருங்க" என்று கெஞ்சிப் பையையே தலைகீழாகக் கொட்ட வைத்தேன். அவருக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்கும்.

மழையில் போன் லைன் அறுந்துவிட்டது. எப்போது சரியாகும் என்று யாருக்கும் தெரியவில்லை. நேற்று ஒரு கட்டையின் எடையைத் தப்பாக எழுதிவிட்டேன். மேனேஜர் கூப்பிட்டு, "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறேன் என்றேன்.

நீ நாலு நாள் பேசாமல் இருந்தாலே எனக்குப் பயமாக இருக்கும். வாய் ஓயாத நீ மூன்று வாரமாக ஒரு வரி எழுதவில்லை. என்ன ஆயிற்று? உனக்கு எதுவும் இல்லையே? நல்லதோ கெட்டதோ, ஒரு வரி போடு. கையெழுத்து கூட வேண்டாம்.

தங்கச்சி


செப்டம்பர் 5

அன்புள்ள கொழுந்தியாளுக்கு,

அத்தான் எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை, பில் எழுதித்தான் வழக்கம். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள். உன் அக்காவுக்குத் தெரியாமல் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ சொன்ன மாதிரி உன் அக்கா செய்து பார்த்தாள். பிள்ளை சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து ஒரு வாத்துக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்தது. நான் வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே "பலூன்" என்று குரல் வந்தது. அப்புறம் கொஞ்சம் சத்தமாக. அப்புறம் உன் அக்கா தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்துவிட்டாள். "பலூன்! பலூன்!" என்று. நான் துணியைப் போட்டுவிட்டு ஓடினேன். எதிர்வீட்டு அம்மாவும் என்னவோ ஏதோ என்று வந்துவிட்டார். பிள்ளை குனிந்த தலை நிமிராமல் கலர் அடித்துக்கொண்டிருந்தது. என் நிழல் தாளில் விழுந்ததும்தான் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தது.

அன்றிலிருந்து உன் அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடிதம் எழுத உட்காருவாள், இரண்டு வரி எழுதுவாள், கிழித்துப் போடுவாள். "நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவளுக்கு எழுதுவேன்?" என்று கேட்கிறாள். "எழுதாம இருக்கறது அதைவிடப் பெரிய தப்பு" என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. அதனால் நான் சொல்கிறேன். பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கவில்லை, அம்மா. எவ்வளவு என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். காது ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமைக்குச் சீட்டு வாங்கிவிட்டேன். நானே கூட்டிக்கொண்டு போவேன். உன் அக்காவும் வருவாள், வராவிட்டால் தூக்கிக்கொண்டு போவேன்.

என் மகளாக இருந்தால் எனக்கு யாராவது சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். அதனால் எழுதினேன். தைரியமாக இரு.

அத்தான்


செப்டம்பர் 15

தங்கச்சிக்கு,

நலமா என்று உன்னைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உன் அத்தான் எழுதியதைப் போஸ்ட் செய்த பிறகுதான் என்னிடம் சொன்னார். ஒரு நாள் முழுக்க அவரோடு பேசவில்லை. மறுநாள் அவர் காலைப் பிடிக்காத குறையாக நன்றி சொன்னேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு வைத்த மாதிரி. அவள் காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து, சத்தம் கேட்டதும் அதை டப்பாவில் போட வேண்டும் என்று டாக்டரம்மா சைகையில் சொல்லிக் கொடுத்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் நின்றோம். அவள் கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். இவள் கட்டையைப் போடவில்லை. எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை, அப்புறம் புரிந்தது. டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது ஆடிக் காட்டும் என்று காத்திருந்தாள், தங்கச்சி. பொறுமையாகக் காத்திருந்தாள். அந்த அறிக்கையில் போட்டிருந்ததே, அதே பொறுமை. எனக்கு அங்கேயே விழுந்து சாகலாம் போல இருந்தது.

இரண்டு காதும் போயிருக்கிறது. நரம்பில் குறை. பிறக்கும்போதே இருந்திருக்காது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்திருக்கும் என்றார். மருந்தில் சரியாகாது. இரண்டு காதிலும் மெஷின் வைத்தால் கேட்கும், ஆனால் நம்மைப் போல இல்லை. பேச்சுப் பயிற்சி உடனே ஆரம்பிக்க வேண்டும். "இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தீங்கன்னா பேச்சு ரொம்பப் பின்தங்கிப் போயிருக்கும். இப்பவே தாமதம்தான்" என்றார். யாராவது முன்பே கவனித்தார்களா என்றும் கேட்டார். உன் அத்தான் என்னைப் பார்த்தார். "இவங்கம்மா கவனிச்சாங்க" என்றேன்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். டேப்லெட்டில் சத்தத்தை அடைத்தது நான். பாடத்துக்காக இல்லை, பிள்ளைகளுக்காக இல்லை, என் தலைவலிக்காக. சத்தத்தை விட்டிருந்தால் முதல் வாரமே, எல்லோரும் வாத்து சொன்னதும் தொட, இவள் மட்டும் முழித்துக்கொண்டிருப்பது தெரிந்திருக்கும். நான் இருபது பிள்ளைகளையும் ஒரே மாதிரி ஆக்கிவைத்தேன். வாத்தின் குரல் யாருக்கும் கேட்காத வகுப்பில் இவள் முதல் மார்க் வாங்கினாள். நான் அதைப் பிரின்ட் எடுத்து உனக்கு அனுப்பினேன். ஒயர் தொங்கியபோது சிரித்தேன். நீ கேட்டபோது உன்னைத் திட்டினேன். கை தட்டியபோது எல்லாப் பிள்ளைகளும் திரும்பினார்கள். அதை எழுதாமல் விட்டேன். அறிக்கை பிரின்ட் எடுக்க மை இருந்தது.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டால், பயம். உன் பிள்ளையை ஒரு குறையும் இல்லாமல் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பயம். உனக்குத் தெரிந்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவாய் என்றும் பயம். அவள் இல்லாமல் இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர் என்ன செய்வது?

திட்டி எழுது. திட்டாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா


செப்டம்பர் 25

அக்கா,

அத்தான் கடிதமும் உன் கடிதமும் ஒரே லாரியில் வந்தன. அவருடையதை முதலில் பிரித்தேன். அவருக்கு என் நன்றியைச் சொல், அந்த ஒரு கடிதத்தை நான் உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன்.

திட்டச் சொன்னாய். திட்டுகிறேன். நான் இங்கே ஒவ்வொரு லாரிக்கும் ரோட்டில் போய் நின்றேன். நீ மை இல்லை என்று எழுதினாய். எப்படி மனசு வந்தது உனக்கு? உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதலாம் என்று பார்த்தேன், பேனா ஓடவில்லை. எழுதினால் பொய்யாக இருக்கும். கொஞ்ச நாள் போகட்டும்.

ஆனால் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் கிளம்பிய அன்று, ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு அவளைக் கூப்பிட்டேன். அவள் உன் வாசலில் கூழாங்கல் அடுக்கிக்கொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. மறுபடி மறுபடி கூப்பிட்டேன். திரும்பவில்லை. வண்டி நகர்ந்துவிட்டது. அம்மா போகிறாளே என்று கோபம், என்னைப் பார்க்கக் கூடப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். இத்தனை மாதமும் அந்த முதுகைத்தான் நினைத்துக்கொண்டு படுத்தேன். தேடுகிறாளா, தேடுகிறாளா என்று உன்னை நச்சரித்ததெல்லாம் அதனால்தான்.

அவள் கோபமாக இல்லை. கூப்பிட்டதே அவளுக்குத் தெரியாது. உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்கு வந்தது நிம்மதி, அக்கா. மகளுக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்து நிம்மதிப்பட்ட தாய் நானாகத்தான் இருப்பேன். அந்த நிமிஷத்துக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. பெற்றவள் பக்கத்திலேயே இருந்தும் எனக்கும் தெரியவில்லை. அமைதியான பிள்ளை என்று பெருமைப்பட்டுக்கொண்டுதான் நானும் இருந்தேன்.

மெஷின் எப்போது வரும்? வலிக்குமா? தூங்கும்போதும் போட வேண்டுமா? மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்களா? அடிமட்டத்துக் கான்கிரீட் ஊற்றி முடிக்கிற வரை விடமாட்டேன் என்கிறார் மேனேஜர். அதற்குப் பிறகு வருகிறேன். அவளை இங்கே கூட்டிக்கொண்டு வருவதா, நானே வேலையை விட்டு அங்கே வருவதா என்று தெரியவில்லை. இங்கே பயிற்சி கொடுக்க யாரும் இல்லை என்பது மட்டும் தெரியும். நீ சாப்பிடு. நீயும் படுத்துவிட்டால் அவளை யார் பார்ப்பது?

தங்கச்சி


அக்டோபர் 17

என் தங்கச்சிக்கு,

நாங்கள் நலம் என்று இந்த முறை நிஜமாகவே எழுதுகிறேன். உன் உடம்பையும் பார்த்துக்கொள். நீ திட்டியது நன்றாக இருந்தது. இன்னும் இரண்டு வரி கூட எழுதியிருக்கலாம்.

மெஷின் வந்துவிட்டது. வலிக்காது, தூங்கும்போது கழற்றிவிட வேண்டும். கேலி செய்கிறார்களா என்று கேட்டாய். ஒருவன் தனக்கும் ஒன்று வேண்டும் என்று அழுதான், அவ்வளவுதான்.

முதல் நாள் நாம் நினைத்த மாதிரி இல்லை. சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அலறினாள். குழாயைத் திறந்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடினாள். நாற்காலியை இழுத்தால் அழுகை. இரண்டாம் நாள் மெஷினைக் காணோம். வீட்டையே புரட்டிப் போட்டோம். அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்தாள், உன் புத்திசாலி மகள். பயிற்சி டீச்சர், "அவசரப்படாதீங்க, அவளுக்கு இது எல்லாமே புதுசு" என்றார். ஃபேன், டிவி எதுவும் ஓடாத அறையில் கொஞ்ச நேரம், அப்புறம் கொஞ்சம் அதிக நேரம் என்று பழக்குகிறோம். சில நாள் நன்றாக இருக்கிறாள், சில நாள் தொடவே விடமாட்டேன் என்கிறாள். பேச்சு முழுசாகத் தெளியுமா என்று கேட்டதற்கு, "பாக்கலாம்" என்கிறார். அந்தப் "பாக்கலாம்" எனக்குத் தூக்கத்திலும் கேட்கிறது.

வகுப்பில் வாத்தின் வாயைத் திறந்துவிட்டேன். ஒரே ஒரு டேப்லெட், ஒரு மூலையில், நாலு நாலு பிள்ளைகளாக. மீதிப் பேருக்கு வாளித் தண்ணீர், கரண்டி, பந்து, இலை. எல்லாப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகத் தனி அறையில் கூப்பிட்டுப் பார்த்தேன். தாளாளர் அம்மாவுக்கு முகம் சிறுத்துப் போயிற்று. "பேரன்ட்ஸ் பயந்துடுவாங்க டீச்சர்" என்றார். பயப்படட்டும் என்றேன். மற்ற எல்லோரும் திரும்பினார்கள்.

போன வியாழக்கிழமை சாப்பாட்டு வேளையில் நான் வழக்கம் போல உன் அத்தானைத் திட்டிக்கொண்டிருந்தேன். அவள் தட்டிலிருந்து நிமிர்ந்து, "பெய்மா, கத்தாத" என்றாள். பெரியம்மாதான் பெய்மா. உன் அத்தான், "இத்தனை வருஷமா நான் சொல்ல நினைச்சத ஒரே வார்த்தையில சொல்லிட்டா" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

இப்போது எல்லாவற்றுக்கும், "இது என்ன சத்தம்?" என்று கேட்கிறாள். ஃப்ரிட்ஜ், காக்கா, பக்கத்து வீட்டு ரேடியோ, என் வயிறு. நேற்று நீ வரப் போவதைச் சொன்னேன். உன் போட்டோவைக் காட்டினேன். அதை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "அம்மா எப்படிப் பேசும்?" என்று கேட்டாள்.

நீ பேசுவது போல, கொஞ்சம் மூக்கால், அவசரம் அவசரமாகப் பேசிக் காட்டினேன். கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டாள். "அது நீ" என்று சொல்லிவிட்டுப் போட்டோவை மறுபடி காதில் வைத்துக்கொண்டாள்.

கூட்டிக்கொண்டு போவதா, இங்கேயே இருப்பதா என்பதெல்லாம் வந்த பிறகு பேசிக்கொள்ளலாம். நீ எதைச் சொன்னாலும் சரி. அவளுடைய துணியைத் தோய்த்து மடித்து வைத்திருக்கிறேன். போன் லைன் சரியானாலும் போன் போடாதே. போனில் வருகிற குரல் மெஷினில் சரியாகக் கேட்காது, அவள் அதையே உன் குரல் என்று நினைத்துவிடுவாள். மேனேஜரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. சப்ளை லாரிக்குக் காத்திருக்காதே, முதலில் கிடைக்கிற வண்டியில் ஏறி வா.

அக்கா